பழைய வண்டியும் புதிய பார்வையும்



பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலத்தில் குடியேறியவர்கள், உடன் கொண்டுவந்த பழம்பொருள்களை எளிதில் கைவிடுவதில்லை. மைசூரில் வாழும் என்னிடமும் அத்தகைய பொருள் ஒன்று உண்டு. அது என் தந்தையாரின் அம்பாஸடர் கார்.

ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் அமைப்பைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் செய்த வண்டி இது. முன்பணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அதனைப் பெற்ற காலம் ஒன்று இருந்தது. மக்கள் விரும்பி வாங்கினார்கள் என்பதைவிட, வேறு வழியின்றி வாங்கினார்கள் என்பதே பொருந்தும். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்ததும் இவ்வுண்மை புலப்பட்டுவிட்டது. என் தந்தையார் என்றோ பதிவு செய்த அம்பாஸடர், திருச்சியில் அவர் கைக்கு வந்து சேர்ந்ததோ 1984இல்! வந்த அன்றே அது பழையதாகிவிட்டது.

பள்ளிச் சிறுவனாயிருந்த நான், நண்பர்கள் நகைப்பரென அஞ்சித் தெருமுனையிலேயே இறங்கிக்கொள்வேன். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் மறைந்தபின் வண்டி மைசூருக்கு வந்தது. தடையின்மைச் சான்று பெற்று, வரி செலுத்தி, கர்நாடகப் பதிவெண்ணும் வாங்கினேன். எண் மாறினாலும் ஹாரனின் குரல் இன்றும் திருச்சிக் குரல்தான்!

முன்பெல்லாம் சாமுண்டி மலைச் சாலையில் அது கொதித்து நின்றால், பின்னால் வருவோர் சினந்து ஒலியெழுப்புவர். இன்றோ, இளைஞர்கள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். அருகில் நின்று புகைப்படமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இம்மாற்றம் ஏன்? 2014இல் உற்பத்தி நின்றது. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அலுவலக வாயில்தோறும் நின்ற வெள்ளை வண்டி அரிதாயிற்று, அரிதானதும் அருமையாயிற்று. வழியை அடைத்துக்கொண்டு நின்றவரை வெறுத்தோம். விலகிச் சென்றபின் போற்றுகிறோம்.

ஆயினும் பாசம் குறைகளை மறைத்துவிடலாகாது. இவ்வண்டி இன்றைய கார்களைக் காட்டிலும் மிகுதியாகப் புகை கக்கும். விபத்தில் காக்கும் காற்றுப்பையும் இதில் இல்லை. ஆகவே அலுவலகத்திற்கு நான் பேருந்திலேயே செல்கிறேன். ஞாயிறு காலையில் மட்டும் காரை வெளியே எடுக்கிறேன். ஐம்பது ஆண்டு கடந்து, உருமாறாதிருக்கும் வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டு விதிகள் இடந்தருகின்றன. ஆனால் அவ்வாறு பதிவானவற்றை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாகாது. என் வண்டிக்கு அத்தகுதி 2034இல் வரும். கௌரவம் வரும் நாளில் சாலை கைவிட்டுப் போகும்.

அதனை ஏற்பேனா? இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்று மட்டும் அறிவேன். ஊராரின் பார்வை மாறியது நன்று. ஆனால் அந்தத் தெருமுனையில், என் தந்தையார் காண, என் பார்வை முதலில் மாறியிருக்க வேண்டும். உங்கள் இல்லத்திலும் அத்தகைய பழம்பொருள் ஒன்று இருக்கக்கூடும். அதற்குரியவர் அருகில் இருக்கும்போதே அதனை ஒருமுறை அன்போடு நோக்குங்கள்.