பூச்சித் தூண்டில்: மீனுக்கேற்ற கருவி

தூண்டிலிட்டு மீன் பிடித்தல் நமக்குப் புதிய செய்தி அன்று. ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் வளர்ந்த பிள்ளைகளுள், மூங்கிற்கழியின் நுனியில் நூலைக் கட்டி, மண்புழுவை முள்ளிற் கோத்து, தக்கை எப்பொழுது அமிழும் என்று மூச்சை அடக்கிக் காத்திராதவர் மிகச் சிலரே. அந்தத் தூண்டிலில் ஈயக் குண்டு ஒன்று இருக்கும். நாம் எறிவது உண்மையில் அந்த ஈயத்தைத்தான். நூல் அதன் பின்னால் இழுபட்டுச் செல்கிறது. நான் இன்று சொல்ல வந்தது வேறு வகைத் தூண்டில். இதில் ஈயமும் இல்லை, புழுவும் இல்லை. முள்ளின்மேல் இறகையும் மயிரையும் நூலால் இறுகக் கட்டிச் செய்த பொய்ப் பூச்சி ஒன்றே இரை. ஆங்கிலேயர் இதனைப் ‘பிளை பிஷிங்’ என்பர். நாம் பூச்சித் தூண்டில் என்று சொல்லுவோம்.

இது மிகப் பழைய கலை. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் ரோமானிய ஆசிரியர், மாசிடோனியாவில் ஆற்றங்கரை மக்கள் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளியைச் சுற்றி, சேவலின் கழுத்தடியில் வளரும் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் இக்கலை இங்கிலாந்தின் குளிர்ந்த ஆறுகளில் டிரௌட் என்னும் மீனை நோக்கியே வளர்ந்தது. அதனால், பூச்சித் தூண்டில் குளிர்நாட்டு மீனுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவிற்று. அது பிழை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாகப் பணிபுரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், 1873-ஆம் ஆண்டிலேயே இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவது பற்றித் தனி நூல் ஒன்று வெளியிட்டார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹென்ஷால் என்னும் மருத்துவர், 1881-இல் வெந்நிலத்துக் குளங்களில் வாழும் பாஸ் மீனைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். இன்று அந்நாட்டின் தென் மாநிலக் குளங்களிலும், மெக்சிகோ வளைகுடாவின் கரையோரக் கழிமுகங்களிலும் இக்கலை செழித்திருக்கிறது. அங்கே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. எடையே இல்லாத இறகுப் பூச்சியை இருபது கஜத்துக்கு அப்பால் எறிவது எப்படி? ஓர் இறகைக் கையில் எடுத்து எறிந்து பாருங்கள். அது உங்கள் காலடியிலேயே விழும். இதற்கு விடை மாட்டுவண்டிக்காரரின் சாட்டையில் இருக்கிறது. அவர் கையை அசைக்க, அந்த அசைவு தடித்த அடியிலிருந்து மெல்லிய நுனிவரை அலைபோல ஓடி, நுனியில் சொடுக்கென்று முடிகிறது. பூச்சித் தூண்டிலும் அவ்வாறே. இங்கே எடை நூலில் இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய தடித்த எறிநூல், கோலின் வளைவால் உந்தப்பட்டு, காற்றில் ஒரு வளையமாக விரிந்து சென்று, தன் நுனியிலுள்ள பூச்சியை நீர்மேல் கொண்டுபோய் வைக்கிறது. நாம் எறிவது நூலை. பூச்சி வெறும் பயணி.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், கருவிகளின் மேல் எழுதியுள்ள எண்கள் தாமே விளங்கும். எறிநூல்கள் எடைக்கேற்ப எண் இடப்பட்டிருக்கின்றன. அமெரிக்கத் தூண்டிற்கருவி உற்பத்தியாளர் சங்கம் 1961-இல் வகுத்த முறை அது. நூலின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்ப்பார்கள். அது 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம் இருந்தால் 5-ஆம் எண். 160 கிரெயின் இருந்தால் 6-ஆம் எண். 210 கிரெயின், அதாவது ஏறத்தாழ 13½ கிராம் இருந்தால் 8-ஆம் எண். கோலின்மேலும் அதே எண் பொறித்திருக்கும். 8-ஆம் எண் கோல், 8-ஆம் எண் நூலை எறிவதற்கென்று செய்யப்பட்டது என்பது அதன் பொருள்.

கடைக்குச் செல்லும் இளைஞர் பெரும்பாலும் செய்யும் தவறு யாதெனில், முதலில் கோலை வாங்குவது. கோல் பளபளக்கிறது, கையில் பிடித்தால் இனிமையாக இருக்கிறது. பிறகு அதற்கேற்ற நூல், அந்த நூலுக்கேற்ற பூச்சி, அந்தப் பூச்சிக்கேற்ற மீன் என்று தேடிக்கொண்டு போகிறார். இது தலைகீழான வழி. மீனிலிருந்து தொடங்க வேண்டும். எந்த மீன் என்பது தெரிந்தால், அது தின்னும் இரை எது என்பது தெரியும். இரை தெரிந்தால் பூச்சியின் பருமன் தெரியும். அந்தப் பூச்சியைச் சுமந்து செல்ல எவ்வளவு எடையுள்ள நூல் வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும். நூல் தெரிந்தால் கோல் தெரிந்துவிட்டது.

இந்த வழியில் இரண்டு குளத்து மீன்களைப் பார்ப்போம். அமெரிக்கத் தென்னகத்துக் குளங்களில் நீலச்செவுள் மீன் ஒன்று உண்டு. ‘புளூகில்’ என்பது அதன் பெயர். உள்ளங்கை அகலமே இருக்கும். வாய் மிகச் சிறியது. தின்பது சிறு பூச்சிகளையும் நீர்ப்புழுக்களையும். ஆகவே முள்ளும் சிறிதாக, 8 முதல் 12 வரையுள்ள அளவில் இருக்க வேண்டும். முள்ளின் கணக்கில் எண் ஏற ஏற முள் சிறிதாகும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ரப்பர்க் கால் வைத்த சிலந்தி, சிறு தக்கைப் பூச்சி, இவை போதும். இவற்றை எறிய 3 அல்லது 4-ஆம் எண் நூல் தாராளம். கன்னி முயற்சிக்கு இதைவிட நல்ல மீன் இல்லை. பசித்த பிள்ளைபோல ஓடி வந்து கவ்வும்.

அதே குளத்தில் வாழும் பெருவாய்ப் பாஸ் மீனின் இயல்பு வேறு. அது நம் விரால் மீனைப்போலப் பாசியின் நிழலிலும் விழுந்த மரத்தின் அடியிலும் பதுங்கியிருந்து தாக்குவது. தவளை, சிறு மீன், நண்டு எல்லாம் அதற்கு உணவு. இதற்குரிய பூச்சி, பூச்சியே அன்று. முகம் குழிந்த ஒரு தக்கைத் தவளை. நூலைச் சுண்டி இழுத்தால், குழிந்த முகம் நீரை அறைந்து ‘களுக்’ என்று ஒலி எழுப்பும். பின்பு அசையாமல் விட வேண்டும். நீர்வளையம் விரிந்து அடங்கும்வரை காத்திருப்பதே இதில் கடினமான பாடம். பெரும்பாலும் அந்த அமைதியில்தான் மீன் பாயும். இத்தகைய தக்கை காற்றைப் பெரிதும் எதிர்க்கும். 4-ஆம் எண் நூலால் அதைச் சுமக்க இயலாது. எறிந்தவர் தலைமேலேயே வந்து விழும். 7 அல்லது 8-ஆம் எண் நூலே வேண்டும். மீன் பெரிது என்பது ஒரு காரணமே. இரை பெரிது என்பதே முதற் காரணம். பாசியில் சிக்காதிருக்க, முள்ளின் வாய்க்குக் குறுக்கே தடித்த நைலான் நரம்பால் ஒரு காப்பும் கட்டுவார்கள்.

இனிக் கடற்கரைக்கு வருவோம். டெக்சாஸ், லூசியானா, புளோரிடா மாநிலங்களின் உப்பங்கழிகளில் செம்மீன் ஒன்று வாழ்கிறது. ‘ரெட் டிரம்’ என்பர். நம் கடற்கரைக் கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. வாலடியில் கண்போல ஒரு கரும்புள்ளி இருக்கும். முழங்காலளவு நீரில் தலையைக் கீழே கவிழ்த்து, சேற்றில் நண்டையும் இறாலையும் கிளறித் தின்னும்போது, அதன் வால் நீருக்குமேல் செப்புத் தகடுபோல மின்னும். வாய் கீழ்நோக்கி அமைந்தது. ஆதலால் பூச்சியும் அடியில் இறங்க வேண்டும். நண்டுபோலவோ இறால்போலவோ ஊர வேண்டும்.

இதற்குத் தக்க பூச்சிகளுள் ஒன்று, பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் கிளௌசர் 1980-களில் ஆற்று மீனுக்கென்று அமைத்தது. முள்ளின் தண்டின்மேல் ஈயத்தாலான இரட்டைக் கண்களைக் கட்டினார். அந்தப் பாரத்தால் முள் குப்புறத் திரும்பி, வாய் மேல்நோக்கி நிற்கும். அடியிலுள்ள கல்லிலும் பாசியிலும் மாட்டாது. இழுக்கும்போது எழுந்தும், விடும்போது விழுந்தும், அஞ்சி ஓடும் சிறு மீன்போல நடிக்கும். இன்னொன்று, லெப்டி கிரே என்னும் புகழ்பெற்ற தூண்டிற்காரர் 1950-களின் இறுதியில் அமைத்த ‘டிசீவர்’. நீண்ட சேவல் இறகுகளை முள்ளின் பிற்பகுதியில் கட்டியதால், எறியும்போது அவை வளைவைச் சுற்றிக்கொள்வதில்லை. 1991-இல் அமெரிக்க அஞ்சல் துறை இந்தப் பூச்சியைத் தபால் தலையில் வெளியிட்டுச் சிறப்பித்தது.

கடற்கரையில் காற்று ஓயாது வீசும். பூச்சிக்கும் பாரம் உண்டு. எனவே 8-ஆம் எண்ணுள்ள 9 அடிக் கோலே பலருக்கும் ஏற்றது. குளத்துப் பாஸ் மீனுக்கும் அது உதவும் என்பதால், ஒரே கோல் வாங்க வசதியுள்ள மாணவர்க்கு அதுவே நல்ல தேர்வு.

நூலைப் பற்றி ஒரு சொல். குளிர்நாட்டு நூல் வெப்பநீரில் துவண்டு பிசுபிசுக்கும். கோலின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பநாட்டு நூலின் உறை கடினமானது. அது வெயிலில் வழுவழுப்பாக ஓடும். குளிரில் சுருள் சுருளாக நிற்கும். விலை உயர்ந்த நூலே ஆயினும் இடம் மாறினால் பயனில்லை. பணம் குறைவாக இருந்தால் கோலில் சிக்கனம் செய்து, நூலில் செலவிடுக.

எறிநூலின் நுனியில், சாட்டை நுனிபோல மெலிந்து செல்லும் 9 அடி நைலான் முன்நூல் வேண்டும். இங்கும் மீனே ஆசான். செம்மீன் சிப்பிப் பாறைகளில் நூலை உரசும். ஆகவே கடைசி அடிகள் தடித்திருக்க வேண்டும். நம் கொடுவாவைப்போலத் தோற்றமுள்ள ‘ஸ்னூக்’ மீனின் செவுள்மூடி கத்திபோன்றது. அதற்கு 30 ராத்தல் தாங்கும் நரம்பு வேண்டும். நம் வஞ்சிரத்தின் இனமான ஸ்பானிஷ் மெக்கரலுக்குப் பற்கள் கூர்மை. அதற்கு மெல்லிய கம்பியே காப்பு.

நூல் சுற்றும் ரீலின் கதை சுருக்கமானது. குளத்தில் அது நூலை வைத்திருக்கும் பெட்டி, அவ்வளவே. கடற்கரையில் மீன் ஒரே ஓட்டமாக நூறு கஜம் ஓடக்கூடும். அங்கே சீரான தடையும், எறிநூலுக்குப் பின்னால் 150 கஜத்துக்குக் குறையாத பின்னூலும், உப்பு அரிக்காத உலோகமும் தேவை. வீடு திரும்பியதும் நன்னீரில் கழுவாதவருக்கு எந்த ரீலும் நிலைக்காது.

இவ்வளவும் கேட்டபின், ‘மெல்லிய கோலால் பெரிய மீனைப் பிடிப்பதல்லவோ வீரம்?’ என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு விடை சொல்லாமல் இப்பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. இன்று பூச்சித் தூண்டிற்காரர் பலர் பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். ஆனால் விடப்பட்ட மீன் பிழைக்க வேண்டுமே! 10 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் 11 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயு கரைந்திருக்கலாம்; 30 பாகையில் 7½ மில்லிகிராம் அளவுதான் கரையும். வெந்நீரில் போராடும் மீன், மூச்சு குறைந்த அறையில் ஓடும் மனிதன் போன்றது. வலுவற்ற கோலால் அரை மணி நேரம் அலைக்கழித்த மீன், நீந்திச் செல்வதுபோல் தோன்றினும், கண்ணுக்கு மறைந்தபின் இறக்கக்கூடும். தக்க வலிமையுள்ள கோல், விரைவில் கரைசேர்க்கும். எதிர்க்கூரை அமுக்கிவிட்ட முள், நொடியில் கழன்றுவிடும். நனைத்த கை, மீனின் வழவழப்பை உரிக்காது. எண் பார்த்துக் கோல் வாங்குவது வசதிக்காக மட்டும் அன்று. ஓர் உயிரின் பொருட்டும் ஆகும்.

செம்மீனின் வரலாறு இதற்குச் சான்று. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் நகரச் சமையற்கலைஞர் பால் புருதோம், காரப்பொடி பூசிக் கருக வறுத்த செம்மீன் உணவைப் புகழ்பெறச் செய்தார். நாடெங்கும் அதற்குத் தேவை பெருகிற்று. வளைகுடாவில் கூட்டங் கூட்டமாகத் திரிந்த பெரிய தாய்மீன்களைச் சுற்றுவலை வாரிக்கொண்டது. இம்மீன் 40 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது; குஞ்சுப் பருவத்தைக் கழிமுகத்தில் கழித்துப் பின்னரே கடல் சேர்வது. தாய்மீன் அழிந்தால் கழிமுகம் வெறுமையாகும். டெக்சாஸ் மாநிலம் 1981-லேயே அதன் வணிகப் பிடிப்பை நிறுத்தியிருந்தது. அப்பத்தாண்டு முடிவதற்குள் வளைகுடாவின் கூட்டரசுக் கடற்பகுதியும் அடைக்கப்பட்டது. 2007 அக்டோபரில், கூட்டரசு நீர்ப்பகுதிகளில் பிடித்த செம்மீனின் விற்பனையைத் தடுக்குமாறு குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆணை பிறப்பித்தார். இன்று உப்பங்கழியில் செப்புவால் மின்னுவதை ஓர் இளைஞர் காண்கிறார் என்றால், உரிய காலத்தில் கையை நிறுத்திக்கொண்டவர்களே அதற்குக் காரணம்.

மாணவ நண்பர்களே! மீனிலிருந்து தொடங்கிப் பூச்சிக்கும், பூச்சியிலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து கோலுக்கும் வருக என்று சொன்னேன். கருவியை முதலில் விரும்பி, அதற்கு வேலை தேடுவது எத்துறையிலும் உள்ள பலவீனம். பொருளை முதலில் கூர்ந்து நோக்குங்கள். அது எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்று கேளுங்கள். கரையில் ஒரு மணி நேரம் கோலின்றி நின்று நீரைப் பார்த்தவர், கடையில் தடுமாறமாட்டார்.