இடிக்கப்பட்ட வீடும் இடியாத நினைவும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் கொலை பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணலாம். மனையைப் பாடாத கவிஞர் இல்லை. ஆனால் வாழ்ந்தோர் கொல்லப்பட்டு, கொன்றவர் யாரெனத் துலங்காமற்போன மனையை எவ்வாறு பாடுவது? அம்மனையைப் பற்றி ஊர் சொல்லும் சொல்லை எவ்வளவு ஏற்பது? இவ்வினாக்கள் எழுதுகோல் ஏந்துவோர் அனைவர்க்கும் உரியவை. இவற்றை ஆராய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

மியூனிக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், காட்டை ஒட்டி ஒரு பண்ணை வீடு இருந்தது. கைஃபெக் என்னும் குடியிருப்புக்குப் பின்புறம் அமைந்தமையால் அதனை 'ஹின்டர்கைஃபெக்' என்றழைத்தனர். 1922 மார்ச் 31ஆம் நாள் இரவு அங்கே அறுவர் கொல்லப்பட்டனர். முதியவர் ஆண்ட்ரியாஸ் க்ரூபர், அவர் மனைவி, கைம்பெண்ணான மகள் விக்டோரியா, அவளுடைய 7 வயது மகள், 2 வயது மகன், பணிப்பெண் மரியா பவும்கார்ட்னர் ஆகியோர் அவர்கள். ஏப்ரல் 4ஆம் நாளன்றுதான் அயலார் உள்ளே சென்று பார்த்தனர். இடைப்பட்ட நாள்களில் கால்நடைகளுக்குத் தீவனம் இடப்பட்டிருந்தது. புகைபோக்கியில் புகை எழுந்ததைக் கண்டதாகவும் கூறினர். கொன்றவன் அவ்வீட்டிலேயே தங்கியிருந்தான் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

ஊரார் கூற்றுகள் இங்கு ஊன்றி நோக்கத்தக்கவை. காட்டிலிருந்து வீட்டை நோக்கி வந்த காலடிகள் பனியில் பதிந்திருந்தன, திரும்பிய தடம் இல்லை என்று க்ரூபர் அண்டை அயலாரிடம் சொல்லியிருந்தார். ஆயினும் அவர் காவல்துறையை நாடவில்லை, ஊராரும் நாடவில்லை. அக்குடும்பத்தின்பால் ஊருக்கு நல்லெண்ணம் குறைவு. தந்தையும் மகளும் தகாத உறவு கொண்டனர் என 1915இல் நீதிமன்றம் இருவருக்கும் தண்டனை விதித்திருந்தது. இப்பழி கொலைக்குப் பின்னரும் விலகவில்லை. ஊர்ப்பேச்சு கொன்றவனைத் தேடும்பொழுதே கொல்லப்பட்டவர்களையும் விசாரித்தது. அந்த விசாரணையில் குழந்தைகள் இருவரும் மறைந்தே போயினர்.

பணிப்பெண் மரியாவோ அன்று பிற்பகலில்தான் வேலைக்கு வந்து சேர்ந்தவள். உடன்வந்து விட்டுச்சென்ற சகோதரி திரும்பிய சில மணி நேரத்திற்குள் அவள் இறந்தாள். அவ்வூரின் பகையும் உறவும் அறியாத அப்பெண்ணைப் பற்றி ஊரிடம் சொல்வதற்கு ஒரு சொல்லும் இல்லை. பேச்சு மிகுந்த இடத்தில் பேசப்படாதவர் யாரென்று கேட்பதே படைப்பாளியின் முதற்கடமை என்பேன்.

அடுத்த ஆண்டே, 1923இல், அவ்வீடு இடிக்கப்பட்டது. இடிக்கும்பொழுது பரணில் மண் கொத்தும் கருவி ஒன்று அகப்பட்டது. கொலைக் கருவி அதுவே எனக் கருதப்பட்டது. ஆய்வுக்காக மியூனிக்கிற்கு அனுப்பப்பட்ட அறுவரின் தலைகளும் இரண்டாம் உலகப்போரில் காணாமற்போயின. வைட்ஹோஃபன் கல்லறையில் தலையற்ற உடல்களே துயில்கின்றன. வீடிருந்த இடத்திற்கு அருகே ஒரு நினைவுக்கல் மட்டும் நிற்கிறது.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து வில்லிஸ்கா இதற்கு மறுதலை. 1912 ஜூன் மாதம் ஓரிரவில் அங்கே ஒரே வீட்டில் எண்மர் கோடரியால் கொல்லப்பட்டனர். அவர்களுள் அறுவர் சிறார். சமயப் போதகர் ஒருவர்மீது 1917இல் இருமுறை விசாரணை நடந்தும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. 1994இல் அவ்வீடு விலைக்கு வாங்கப்பட்டுப் பழைய தோற்றத்திற்கு மீட்கப்பட்டது. கட்டணம் செலுத்தி அங்கே இரவு தங்கும் வழக்கமும் தோன்றிற்று. ஓரூர் வீட்டை அழித்தது, மற்றோரூர் காட்சிப்பொருளாக்கியது. வீட்டைக் காத்தல் ஆவணத்தைக் காத்தலே ஆகும். அதனை நான் குறைகூறேன். ஆனால் குழந்தைகள் இறந்த அறையில் நடுக்கத்தை விலைகொடுத்துப் பெறும் மனம் இறந்தவரை நினைக்கிறதா, தன் நடுக்கத்தையே நுகர்கிறதா?

இவ்வினா இலக்கியத்தையும் விடாது. ஆண்ட்ரியா மரியா ஷெங்கல் 2006இல் 'டானோட்' என்னும் புதினத்தை வெளியிட்டார். ஹின்டர்கைஃபெக் நிகழ்ச்சியை 1950களுக்கு மாற்றி, ஊரையும் கற்பனை ஊராக்கி, ஊரார் பலரின் கூற்றுகளாகவே கதையை அமைத்தார். இக்கொலை பற்றி முன்னர் ஆவணநூல் எழுதிய ஒருவர் தம் நூலிலிருந்து எடுத்தாண்டார் என வழக்குத் தொடுத்தார்; நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. சட்டம் ஆசிரியர்களின் உரிமையை ஆராய்ந்து முடிவு கூறிவிட்டது. இறந்தவர்களின் உரிமை என்னாவது? அதனை எழுதுவோரின் மனச்சான்றே காக்க வேண்டும்.

இங்கே காவல்துறை மாணவர்கள் நமக்கு ஒரு பாடம் கற்பித்துள்ளனர். 2007இல் ஃபூர்ஸ்டென்ஃபெல்ட்ப்ரூக் காவல் கல்லூரியில் பயின்றோர் இவ்வழக்கை மீண்டும் ஆராய்ந்தனர். தடயங்கள் அழிந்தமையால் உறுதியான தீர்வு இயலாது என்றனர். ஒருவர்மீது தங்களுக்கு ஒருமித்த ஐயம் உண்டு என்று கூறியும், அவருடைய வழித்தோன்றல்கள் வாழ்வதைக் கருதிப் பெயரை வெளியிடவில்லை.

அன்பர்களே, ஐயத்தை அறிவிலிருந்து பிரித்தறிந்து, பிறர் பெயரைக் காத்த அந்தக் கட்டுப்பாடு கவிதைக்கும் வேண்டும். கொன்றவனைக் கற்பனையால் கண்டுபிடித்துத் தருவது கவிஞரின் தொழிலன்று. தெரிந்ததைத் தெரிந்த அளவிற்குச் சொல்வோம். ஊரின் தீர்ப்பை வழிமொழியாதிருப்போம். பெயரளவில் எஞ்சிய மரியாவுக்கும் அவ்விரு குழந்தைகளுக்கும் நம் சொல்லில் இடம் தருவோம். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தில் அத்தகைய கவிதைகள் பிறக்க வேண்டும் என வாழ்த்துகிறேன்.