பராமரிப்போர் உதவித்தொகையும் பிற நலத்தொகைகளும்
(திருவனந்தபுரம் அனுபவத்தை முன்வைத்த உரையின் எழுத்து வடிவம்)

நோயுற்றோருக்கும் முதியோருக்கும் அரசு அளிக்கும் உதவி பற்றி நாட்டில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. அவர்கள் அருகிலேயே இருந்து, உணவூட்டி, உடல் துடைத்து, இரவில் விழித்திருப்பவர்களைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. படுக்கையில் கிடப்பவருக்கு ஓர் ஓய்வூதியம் கிடைக்கலாம். அவரைப் பார்த்துக்கொள்வதற்காகவே கூலி வேலையை விட்டுவிட்ட மகளுக்கோ மனைவிக்கோ கிடைப்பது என்ன? இவ்வினாவுக்கு விடை தர முயன்ற மாநிலங்களுள் கேரளம் குறிப்பிடத்தக்கது.

திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் 'ஆஸ்வாச கிரணம்' என்னும் திட்டத்தை நடத்தி வருகிறது. முழுநேரப் பராமரிப்பு இன்றி வாழ இயலாத நோயாளிகளையும், கடுமையான உடல், மனக் குறைபாடு உடையோரையும் வீட்டில் வைத்துக் காப்பவருக்கு மாத உதவி வழங்குவதே இதன் நோக்கமாகும். இத்தொகை மாதம் 600 ரூபாய் என்ற அளவில் வழங்கப்பட்டு வந்துள்ளது. எண்டோசல்பான் நஞ்சினால் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்போரைப் பராமரிப்பவர்களுக்கென 700 ரூபாய் வழங்கும் தனிப்பிரிவும் உண்டு.

இத்திட்டத்தின் முதற்சிறப்பு ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. நோயாளி வேறு ஓய்வூதியம் பெறுகிறார் என்பதற்காகப் பராமரிப்பவருக்குரிய உதவி மறுக்கப்படுவதில்லை. நோயாளியின் ஓய்வூதியம் அவருடைய இயலாமைக்கு உரியது. பராமரிப்பவரின் தொகை அவர் ஆற்றும் பணிக்கும், இழந்த வருவாய்க்கும் உரியது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தாலும், இரு வேறு மனிதர்களின் இரு வேறு தேவைகளுக்கானவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிப்பது நியாயமன்று.

ஆயினும் தொகைகளின் அளவை ஒப்பிட்டால் நிலைமை வேறாகத் தோன்றும். கேரளத்தின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2021 ஏப்ரலில் 1,600 ரூபாயாகவும், 2025 நவம்பரில் 2,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இவ்விடைக்காலத்தில் பராமரிப்பவரின் தொகை 600 ரூபாயாகவே நின்றது. 2025-26ஆம் ஆண்டில் கேரளத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் ஒரு நாள் கூலி 369 ரூபாய். அதாவது, முப்பது நாள் இரவும் பகலும் செய்யும் பணிக்குக் கிடைத்தது இரண்டு நாள் கூலிக்கும் குறைவு. மத்திய அரசுப் பணியிலிருந்து முழு ஊனத்துடன் ஓய்வு பெற்று, எப்போதும் ஒருவர் துணையை வேண்டி நிற்பவருக்கு 2017 ஜூலை முதல் மாதம் 6,750 ரூபாய் துணையாளர் படியாக அனுமதிக்கப்பட்டது. பணியின் தன்மை ஒன்றே. அரசு ஊழியரின் வீட்டில் அதற்கு ஒரு மதிப்பும் கூலித் தொழிலாளியின் வீட்டில் வேறொரு மதிப்பும் உள்ளன.

அடுத்து, திட்டங்கள் ஒன்றோடொன்று உரசும் இடங்களைக் காணவேண்டும். அவை மூன்று.

முதலாவது, வாயில்கள் வேறுபடுவது. ஓய்வூதிய விண்ணப்பம் ஊராட்சி அல்லது நகராட்சிக்குச் செல்கிறது. பராமரிப்போர் விண்ணப்பம் அங்கன்வாடி வழியாகக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் சென்று, அங்கிருந்து மிஷனை அடைகிறது. மருத்துவச் சான்று, வருமானச் சான்று, உயிர்வாழ் சான்று ஆகியவற்றுக்கெல்லாம் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு அலைய வேண்டியவர் பராமரிப்பவரே. வீட்டை விட்டு நகர இயலாதவர் என்பதற்காகவே தரப்படும் தொகையைப் பெற அவர் வீட்டை விட்டு நகர வேண்டியிருக்கிறது. கிராமந்தோறும் வீடு வீடாகச் செல்லும் சாந்த்வன சிகிச்சைச் செவிலியர்களைக் கொண்ட மாநிலம் கேரளம். 2008இலேயே அதற்கென அரசுக் கொள்கை வகுக்கப்பட்டது. அச்செவிலியரின் பதிவேட்டையே சான்றாக ஏற்றால் அலைச்சலில் பெரும்பகுதி குறையும்.

இரண்டாவது, வருமான வரம்பு. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்பது விதி. பராமரிப்போர் உதவிக்கு இதனினும் மிகக் குறைந்த வரம்பு வகுக்கப்பட்டது. ஒரே குடும்பம் ஓர் அலுவலகத்தில் ஏழையாகவும் அடுத்த அலுவலகத்தில் வசதியுடையதாகவும் கருதப்பட இது இடமளிக்கிறது. இதனுடன் மற்றொரு சிக்கலும் உண்டு. 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பெண்கள் பாதுகாப்புத் திட்டம், வேறு சமூக நலத்தொகை பெறாத 35 முதல் 60 வயது வரையிலான ஏழைப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. இத்தகைய நிபந்தனைகள் எழுதப்படும்போது, பராமரிப்போர் உதவி 'நலத்தொகை' என்னும் சொல்லுக்குள் அடங்காது என்பதை ஆணையே ஐயமற உரைக்க வேண்டும். இன்றேல், 600 ரூபாயைப் பெற்றவர் அதனாலேயே 1,000 ரூபாயை இழக்கும் விபரீதம் நேரும்.

மூன்றாவது, மரணத்தின் பின் நேர்வது. நோயாளி மறைந்ததும் அவருடைய ஓய்வூதியம் நின்றுபோகிறது. பராமரிப்பவரின் தொகையும் நின்றுபோகிறது. 2025 நவம்பர் நிலவரப்படி இரண்டும் சேர்ந்து 2,600 ரூபாய். துயரமும் ஈமச்செலவும் சேர்ந்து வரும் மாதத்திலேயே இவ்வருவாய் முழுவதும் அற்றுப்போகிறது. பத்தாண்டு, பதினைந்தாண்டு வேலைக்குச் செல்லாதிருந்த அப்பெண்ணுக்குத் தொழிலாளர் நலநிதியில் சந்தாவும் இராது. மீண்டும் வேலை தேடும் வயதும் கடந்திருக்கும்.

பிற நாட்டு அனுபவம் இங்கே துணைசெய்யும். பிரிட்டனில் 1976இல் பராமரிப்போர் உதவித்தொகை தொடங்கியபோது மணமான பெண்கள் விலக்கப்பட்டனர். வீட்டிலிருக்கும் மனைவி எப்படியும் அப்பணியைச் செய்வாள் என்பதே அதன் உட்கருத்து. 1986இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பையொட்டியே அவ்விலக்கு நீங்கியது. அங்கு நோயாளி இறந்தபின் எட்டு வாரம் வரை அத்தொகை தொடரலாம். பராமரித்த காலம் ஓய்வூதியக் கணக்கிலும் வரவு வைக்கப்படுகிறது. இவை பின்பற்றத்தக்கவை. தவிர்க்க வேண்டியதும் அங்கே உண்டு. பராமரிப்பவரின் வார வருவாய் வரம்பை ஒரு பவுண்டு மிஞ்சினாலும் முழுத் தொகையும் பறிபோகும். அறியாமல் வரம்பு கடந்தோரிடம் பெருந்தொகைகள் திரும்பக் கேட்கப்பட்டது 2024இல் பெருஞ்சர்ச்சையாயிற்று. வரம்பைத் தாண்டினால் படிப்படியாகக் குறைப்பதே முறை. ஒரேயடியாக நிறுத்துவது தண்டனையாகிவிடும்.

நம் நாட்டில் சட்டத்தின் துணை இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ உதவும் பெற்றோரையும் குடும்பத்தினரையும் 'பராமரிப்பாளர்' என்றே வரையறுக்கிறது. அதன் 24ஆம் பிரிவு, மிகுந்த துணை தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதை அரசின் திட்டங்களுள் ஒன்றாகச் சேர்க்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, பிறருக்கான அதேவகை உதவியைவிடக் குறைந்தது 25 விழுக்காடு மிகுதியாக இருக்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. முதியோர் ஓய்வூதியம் 2,000 ரூபாய் எனில், மாற்றுத்திறனாளிக்கு 2,500 ரூபாய் என்பது அதன் பொருள். கேரளத்தில் இவ்விரு ஓய்வூதியங்களும் ஒரே அளவில் வழங்கப்பட்டு வந்துள்ளமை சட்டத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும்.

நிதி நெருக்கடி என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கேரளத்தில் ஓய்வூதியத் தவணைகள் 2024இல் ஐந்து மாத அளவுக்கு நிலுவையாயின. பராமரிப்போர் உதவியும் பல மாதங்கள் தடைப்பட்டது. புதிய விண்ணப்பதாரர்கள் நெடுங்காலம் காத்திருந்தனர். ஆனால் பணம் சுருங்கும்போது முதலில் நிறுத்தப்படுவது எது என்பதும் ஒரு கொள்கை முடிவே. ஓய்வூதியதாரர்கள் லட்சக்கணக்கானோர்; அவர்கள் குரல் கேட்கும். பராமரிப்போர் சிதறிக் கிடப்போர். ஊர்வலம் வரவும் அவர்களுக்கு நேரமில்லை. குரலற்றோர் என்பதனாலேயே அவர்கள் தொகை பின்தள்ளப்படுமாயின், அது திட்டமிடலுக்கு அழகன்று.

மாவட்ட அலுவலகங்களில் கோப்புகளைப் பார்ப்போரும், நாளை அவ்விடங்களுக்கு வரவிருக்கும் மாணவரும் செய்யக்கூடியவை சில உள. ஒரே விண்ணப்பத்தில் இரு தொகைகளையும் பரிசீலிக்கலாம். ஒரு தொகையை மற்றொன்றின் வருமானக் கணக்கில் சேர்க்காதிருக்கலாம். ஓய்வூதியம் உயரும்போது பராமரிப்போர் தொகையும் அதே விகிதத்தில் உயர வழிசெய்யலாம். இறப்புக்குப்பின் மூன்று மாதமேனும் தொகையைத் தொடரலாம். இவற்றுள் முதலிரண்டுக்கும் பெருஞ்செலவு தேவையில்லை; தெளிவாக எழுதப்பட்ட ஓர் ஆணையே போதும். வீட்டுக்குள் நடப்பதால் ஓர் உழைப்பு உழைப்பல்லாமல் போய்விடுவதில்லை. இதை அரசாணை ஏற்கும் நாளில்தான் பராமரிப்போர் உதவித்தொகை கருணைத்தொகை என்ற நிலையிலிருந்து உரிமைத்தொகையாக உயரும்.