காய்ச்சலுக்கு முன்னால் எப்படி இருந்தான்?



பொழுது சாயும் நேரத்தில் பெரும்பாக்கம் ஏரிக்கரையில் நின்றால் கொக்குகளும் நாரைகளும் கூட்டம் கூட்டமாகப் பறப்பதைப் பார்க்கலாம். எங்கள் ஊருக்கு அழகே அதுதான். அந்தப் பறவைகளுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் அவற்றின் உடம்பில் குடியிருக்கக்கூடிய ஒரு வைரஸ் உண்டு: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ். எங்கள் ஏரியில் அது இருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளைகளைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

பெயரில்தான் ஜப்பான். இந்தியாவில் இதை முதலில் அடையாளம் கண்டது 1955-இல், நம் வேலூர்ப் பக்கத்தில். பிறகு கடலூர், விழுப்புரம் கிராமங்களும் இதனால் அவதிப்பட்டன. பன்றியிடமும் கொக்கிடமும் பெருகும் வைரஸை க்யூலெக்ஸ் கொசு நம்மிடம் கொண்டுவருகிறது. டெங்கு கொசு கொட்டாங்குச்சித் தண்ணீரில் வளர்ந்து பகலில் கடிக்கும். இதுவோ நெல் வயல் நீரில் வளர்ந்து, இருட்டிய பிறகு கடிக்கும். மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்த நோய் தொற்றாது. அதனால் நோய் கண்ட பிள்ளையோடு விளையாட வேண்டாம் என்று யாரையும் தடுக்கத் தேவையே இல்லை.

தொற்றிய 250 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒருவர் பெரும்பாலும் குழந்தை. மூளைக்காய்ச்சலாக முற்றினால் 100-க்கு 30 பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் 100-க்கு 20 முதல் 30 பேருக்கு அறிவிலோ நடத்தையிலோ பேச்சிலோ பாதிப்பு நிலைத்துவிடுகிறது.

கை கால் விழுந்தால் ஊருக்கே தெரியும். ஞாபகம் நழுவுவது யாருக்குத் தெரியும்? வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்த பிள்ளை இப்போது மூன்றாம் வரியில் நின்றுவிடுகிறான். கடைக்கு அனுப்பினால் என்ன வாங்க வந்தோம் என்று முழிக்கிறான். சாதுவாக இருந்தவன் தட்டைத் தூக்கி எறிகிறான். "திமிரு", "சோம்பேறி", "ஆஸ்பத்திரியில செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று ஆளுக்கொரு பேச்சு. அடியும் விழுகிறது. அந்த அடியை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. இந்த வைரஸ் அதிகம் தாக்குவது மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியை. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அங்கே காயம்பட்ட பிள்ளையிடம் "கவனமா இருடா" என்று அதட்டி என்ன பயன்?

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளி மாறியது, டீச்சர் மாறினார். எந்த மூளைக்காய்ச்சலாக இருந்தாலும், அதற்கு முன் பிள்ளை எப்படிப் படித்தான் என்று புது டீச்சருக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்த ஒரே ஆள் அம்மா. "நல்லாத்தாங்க இருந்தான்" என்று அவர் சொல்வதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். நோயைக் கணிக்க அதுவும் ஒரு சான்று.

தடுப்பூசி இருக்கிறது. நோய்ப் பரவல் உள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று, அரசே இலவசமாகப் போடுகிறது. காய்ச்சலோடு வலிப்போ மயக்கமோ கண்டால் மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிதான்.

வீடு திரும்பிய பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் தரும் தேசிய நிறுவனம் நமக்குப் பக்கத்திலேயே, முட்டுக்காட்டில் இருக்கிறது. பள்ளியில் சொன்னால் சிறப்பாசிரியர் உதவியும் கேட்கலாம்.

அம்மாமார்களே, முட்டுக்காட்டுக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு முன் என்னென்ன பாடினான், எத்தனை வரை எண்ணினான், தானே சட்டைப் பொத்தான் போட்டானா. பழைய ரேங்க் கார்டு இருந்தால் அதையும் உள்ளே வையுங்கள். அங்கே உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.