வீசி எறிவதற்கு முன்



வீட்டில் எஞ்சிக் கிடக்கும் பொருள்களைக் கொண்டு இலகுவாகச் செய்யத்தக்க கைவேலைகளைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். இத்தகைய பேச்சைத் தொடங்குவோர், வெறும் போத்தலில் வர்ணம் பூசிப் பூச்சாடி செய்வதையும், பழைய வாழ்த்து அட்டைகளை வெட்டி ஒட்டிப் பெட்டி செய்வதையும் எடுத்துரைப்பது வழக்கம். அவையும் நல்ல பொழுதுபோக்கே. ஆயினும் நமது நாட்டில் இக்கலையைப் பொழுதுபோக்காக அன்றி, உயிர்வாழும் வழியாகவே பயின்ற மக்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலத்தில் வாழ்பவர்களையே குறிப்பிடுகின்றேன். பழைய பொருளைப் புதிய காரியத்துக்கு மாற்றுவது எப்படி என்பதை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதே முறை.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது, வடபகுதிக்குப் பொருள்களை அனுப்புவதில் கடுமையான தடைகள் வந்தன. பெற்றோல், பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம், சீமெந்து, உரம் என்று தடைப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் அருமையாகிவிட்டது. மின்சாரமோ அடியோடு இல்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட பெருந்தொகையான மக்களிற் பலர் வன்னிக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே இருந்த கொஞ்சப் பொருள்களையும் பலரும் பகிர வேண்டியதாயிற்று. 2002 ஆம் ஆண்டில் யுத்த நிறுத்தம் ஏற்பட்டுப் பாதை திறக்கும் வரையில், ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், இரவில் வீட்டுக்கு வெளிச்சம் தந்தது பெரும்பாலும் ஒரு வெறும் ஜாம் போத்தலே.

ஜாம் போத்தல் விளக்கை நேரிற் காணாதவர்களுக்காக அதன் அமைப்பைக் கூறுகிறேன். கண்ணாடிப் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய் விடுவார்கள். பழுதான துவிச்சக்கரவண்டி ரியூப்பிலிருந்து கழற்றிய வால்வின் உலோகக் குழாயினுள்ளே நூல்திரியைச் செலுத்துவார்கள். அக்குழாயை ஒரு கம்பியினாற் பற்றி, கம்பியின் மறுநுனியைப் போத்தலின் விளிம்பில் வளைத்துக் கொளுவிவிடுவார்கள். திரியின் வால் பஞ்சிலே தொட்டுக்கொண்டிருக்கும். திரி எரிவது போத்தலின் உள்ளேயே. ஆகவே காற்று அதை அணைக்க மாட்டாது; போத்தலே சிமினியுமாகிவிடுகிறது. ஒரு சாதாரண குப்பி விளக்குக் குடிக்கும் எண்ணெயில் சிறு பங்கே இதற்குப் போதும். காலையில் போத்தலின் வாயிற் படிந்த கரியைச் சாம்பலும் சீலைத்துண்டும் கொண்டு துடைப்பது பிள்ளைகளின் வேலை. அந்த வெளிச்சத்திலேயே படித்துப் பரீட்சை எழுதி, இன்று ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் பணிபுரிவோர் பலர்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எண்ணெயைப் பஞ்சிலே ஊறவைத்தது சிக்கனத்துக்காக. ஆனால் அதனால் வேறொரு நன்மையும் விளைந்தது. விளக்குச் சரிந்தாலும் எண்ணெய் ஆறாக ஓடுவதில்லை. உயரமான ஒடுங்கிய போத்தலில் எண்ணெயை நிரப்பி, தகர மூடியில் துளையிட்டுத் திரியைச் செருகிய விளக்குகளின் கதை வேறு. கை பட்டால் அவை சரியும். சரிந்தால் மூடி கழன்று எண்ணெய் சிந்தும். சிந்திய எண்ணெய் தீப்பற்றும். இலங்கை முழுவதிலும் ஏழைக் குடும்பங்களில் இவ்வாறு எரிகாயமுற்றோர் ஏராளம். அவர்களிற் பலர் பெண்களும் குழந்தைகளும். சத்திரசிகிச்சை நிபுணரான விஜய கொடகும்புர அவர்கள் இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து கண்டு மனம் வருந்தி, 1992 ஆம் ஆண்டில் பாதுகாப்பான போத்தல் விளக்கு ஒன்றை உருவாக்கும் முயற்சியில் இறங்கினார். அவருக்கு வழிகாட்டியது ஒரு வெறும் மார்மைற் போத்தல் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? குட்டையாகவும் கனமாகவும் இருந்த அந்தப் போத்தல் எளிதிற் சரிவதில்லை என்பதை அவர் கண்டார். அவர் அமைத்த விளக்குக் குட்டையானது, தடித்த கண்ணாடியாலானது, சரிந்தாலும் உருண்டோடாதபடி இரு பக்கமும் தட்டையானது, திருகி இறுக்கும் உலோக மூடி உடையது. இப்பணிக்காக 1998 ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரே பொருள்தான்: போத்தல். அதன் உருவத்தைக் கவனித்தவன் கையில் அது காக்கும். கவனியாதவன் கையில் அது சுடும்.

வானொலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நன்றி மறந்தவனாவேன். பற்றரி கிடையாத அக்காலத்தில் மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னைக் கொண்டு வானொலி கேட்டார்கள். துவிச்சக்கரவண்டி டைனமோ ஆறு வோல்ற் அளவில் மின் தருவது. ஒன்றரை வோல்ற் பற்றரிகள் நான்கைச் சேர்த்தாலும் ஆறு வோல்ற்றே. கணக்குப் பொருந்திவிட்டது. ஆனால் டைனமோவின் மின் முன்னும் பின்னுமாக மாறி ஓடுவது. வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடுவது. பழுதான கருவிகளிலிருந்து டயோட்டுகளைக் கழற்றி இடையிலே பொருத்தி அதையும் சரிக்கட்டினார்கள். சுழற்றும் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்துவிடும். ஆகவே ஒருவர் சுற்ற, ஒரு கூட்டம் சூழ்ந்திருந்து கேட்கும். அவ்வளவு பாடுபட்டுக் கேட்டவர்களுக்கு ஏற்ற பேச்சை வானொலியிற் பேசுவோராகிய நாம் வழங்கினோமா என்பது, நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

பொருள்களின் இந்த மாற்றம் எப்பொழுதும் மகிழ்ச்சி தருவதாக இருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டில் யாழ்தேவி வவுனியாவுக்கு அப்பாற் செல்வது நின்றுபோன பின்னர், தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. 2013 ஆம் ஆண்டில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது புதிதாக இட்ட பாதையிலேதான். 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில், மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கடற்கரையில் மக்கள் நெருக்குண்டிருந்தபோது நிகழ்ந்தது இதனினும் துயரமானது. அது மணற்றரை. குழி வெட்டினால் பக்கங்கள் சரிந்து விழும். ஆகவே மண் மூடைகளை அடுக்க வேண்டும்; மூடைக்குச் சாக்கு வேண்டும்; சாக்கு இல்லை. பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தார்கள். நூற்சேலைகள் முடிந்த பிறகு பட்டுச் சேலைகளும், அவற்றின் பின் திருமண நாளில் உடுத்த கூறைகளும் மணலால் நிறைந்தன. தப்பி வந்தவர்கள் பலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கூறைச் சேலையை நம் பெண்கள் எவ்வாறு பேணுவார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனி, எடுக்கக் கூடாத பொருள்கள் இரண்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, பூச்சிநாசினி வந்த போத்தலும் கலனும். எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு முற்றாகப் போய்விட்டதென்று நம்புதற்கில்லை. அவற்றில் தண்ணீரோ, எண்ணெயோ, விதையோ வைத்தல் ஆகாது. மும்முறை அலசி, அலசிய நீரை மருந்து தெளிக்கும் கருவியிலேயே ஊற்றி, கலனைத் துளையிட்டுவிடுவதே முறை. துளை இருந்தால் வேறொருவரும் அதை எடுத்துப் பயன்படுத்த மாட்டார் அல்லவா? இரண்டாவது, காணியிலோ பற்றையிலோ கிடக்கும் இனந்தெரியாத உலோகம். பழைய இரும்புக்கு விலை உண்டென்பது உண்மையே. வறுமை கையை நீட்டச் சொல்லும் என்பதும் உண்மையே. எனினும் இலங்கை 2017 ஆம் ஆண்டில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த பின்னரும் வன்னியில் நிலத்தைத் துப்புரவு செய்யும் பணி தொடர்ந்து நடந்து வந்திருக்கிறது. வடிவம் அழகாயிருக்கிறது, பூச்சாடிக்கு உதவும் என்று ஒருவரும் அதைத் தொடவேண்டாம். இடத்தை அடையாளமிட்டு விலகி நின்று, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

இவற்றை விலக்கினால், எஞ்சியவை தாராளமாக உள்ளன. வயற்காரர் வீட்டில் உரப்பை இல்லாமலிராது. ஐம்பது கிலோ கொள்ளும் அப்பையின் வாய் சங்கிலித் தையலால் மூடப்பட்டிருக்கும். கத்தியால் அறுக்க வேண்டாம். தையலின் சரியான முனையைக் கண்டுபிடித்து நூலை வெட்டி இழுத்தால், முழுவதும் ஒரே இழுவையில் உருவி வந்துவிடும். அந்த நூலும் உங்களுக்குப் பயன்படும். பையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் உரம் கரைந்து போய்விடும். வெயிலிற் காயவைத்து, பக்கங்களைப் பிரித்து விரித்து, விளிம்புகளை இரட்டையாக மடித்து, சாக்குத் தைக்கும் பெரிய ஊசியால் ஒன்றோடொன்று இணைத்தால் நெல் காயப்போடும் படங்கு ஆயத்தம். எட்டுப் பத்துப் பைகளில் போதிய படங்கு கிடைக்கும். மடிக்காமல் தைத்தால் ஓர இழைகள் பிரிந்து ஒரு போகத்துக்கும் உதவாது. வேலை முடிந்ததும் சுருட்டி நிழலில் வையுங்கள். நாள்தோறும் வெயிலிற் கிடந்தால் இந்த இழை பொடிந்துபோகும்.

தேங்காய்ச் சிரட்டையில் அகப்பை செய்வது எல்லோரும் அறிந்ததே. உடைந்த கண்ணாடித் துண்டால் வெளிப்புறத்தைச் சுரண்டி, தேங்காய் எண்ணெய் பூசினால் கருமெருகு ஏறும் என்பதை மாத்திரம் நினைவூட்டுகிறேன்.

கடைசியாகப் பழஞ்சேலை. ஏணை கட்டி, பிள்ளை வளர்ந்து, கரை நைந்து, இனி உடுக்க இயலாதென்று அலுமாரியின் அடியிற் கிடக்கும் நூற்சேலை எந்த வீட்டிலும் ஒன்றிருக்கும். அதை நீளவாக்கில் மூன்று விரல் அகலப் பட்டிகளாகக் கிழியுங்கள். கத்தரிப்பதைவிடக் கிழிப்பதே நேராக வரும். மூன்று பட்டிகளை முனையில் முடிந்து, கூந்தல் பின்னுவதைப் போல் பின்னுங்கள். ஒரு பட்டி முடியும் இடத்தில் மற்றொன்றைத் தைத்து இணையுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் முடியாதபடி நீளத்தை முன்பின்னாக வைத்துக்கொண்டால் பின்னலில் மொத்தம் தோன்றாது. பின்னிய கயிற்றை மேசைமேல் தட்டையாக வைத்து, நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றி, பக்கத்துச் சுற்றோடு சேர்த்துத் தையுங்கள். மடியில் வைத்துத் தைப்பவர்கள் தம்மையறியாமல் நூலை இறுக்கிவிடுவார்கள். இறுக்கினால் விளிம்பு மேலெழுந்து, கால்மிதி கடகமாகிவிடும். அப்படி ஆகிவிட்டாலும் கவலையில்லை. இன்னும் இரண்டு சுற்றுக் கூட்டிச் சுவரை உயர்த்தி, வெங்காயம் போட்டு வையுங்கள். நைலோன் சேலையைக் கால்மிதிக்கு எடுக்க வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சாது, சீமெந்துத் தரையில் வழுக்கும். குசினி வாசலில் ஒருபோதும் ஆகாது, ஏனெனில் ஒரு பொறி விழுந்தால் உருகிக் காலில் ஒட்டும்.

ஒரு முழுச் சேலையில் இரண்டு கால்மிதிகள் வரும். முந்தானையைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள். அது வேறு எதற்காவது உதவும்.