ராஜா என்ற பிள்ளையின் பெயரில்



தமிழ்ச் சங்க மேடையில் தமிழறிஞர் ஒருவரை நினைவுகூர்வதுதான் வழக்கம். நான் இன்று ஒரு மராத்தியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடல் கடந்து வந்து குடித்தனம் நடத்தும் நமக்கு அவரைவிட நெருக்கமானவர் ஒருவரை நான் அறியேன்.

நான் புனேக்காரி. ராஸ்தா பேட்டையில் பிறந்தேன். அப்பாவுக்குக் கட்கியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ராஜா வீட்டுக்குப் போகலாம்" என்று எங்களைச் சுக்ரவார் பேட்டைக்கு அழைத்துப் போனார். பெயர்ப்பலகையில் 'ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம்' என்று இருந்தது. சிம்மாசனமும் கிரீடமும் பார்க்கப் போகிறோம் என்று ஓடினேன். உள்ளே போனால் பாக்குவெட்டி, தூக்கு விளக்கு, குங்குமச் சிமிழ், மைக்கூடு, பூட்டு, குளிக்கும்போது பாதம் தேய்க்கிற பித்தளைத் தேய்ப்பான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா மட்டும் பாக்குவெட்டிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. கிளி வடிவில் ஒன்று, குதிரை வடிவில் ஒன்று, ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒன்று. பாக்கை நறுக்கும் ஒரு சின்னக் கருவிக்கு யார் இத்தனை அழகு செய்யச் சொன்னார்கள்? "நம்ம பாட்டியோடது இந்த மாதிரிதான்டீ இருக்கும்" என்றாள் அம்மா. பாட்டியின் பாக்குவெட்டி அதற்கு முந்தைய வருஷம்தான் வாசலுக்கு வந்த பாத்திரக்காரியின் தராசில் ஏறியிருந்தது. கூட இரண்டு பித்தளைச் சொம்பும் போய், ஒரு எவர்சில்வர் அடுக்கு வந்தது. நாங்கள் எடைக்குப் போட்டதை ஒருவர் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அம்மாவுக்கு உறைத்தது.

அப்படிச் சேர்த்த தினகர் கங்காதர் கேள்கர் 1896இல் பிறந்தவர். அடிப்படையில் கவிஞர். 'அஞ்ஞாதவாசி' என்ற புனைபெயரில் எழுதினார். பாண்டவர்கள் பதின்மூன்றாம் ஆண்டில் விராட நகரத்தில் தங்களை மறைத்துக்கொண்டு வாழ்ந்தார்களே, அந்த அஞ்ஞாதவாசம்தான். 1920 வாக்கில் பழம்பொருள் சேர்க்க ஆரம்பித்தார். ஊர் ஊராக அலைந்தார். இன்று ஒருவர் கோயில் சிலையையோ பழைய ஓவியத்தையோ தேடிப் போனால் நமக்குப் புரியும். அவர் தேடிப் போனவற்றில் விளக்கும் சீப்பும் கதவும் தாளமும் இருந்தன. இதையெல்லாம் செய்த தச்சன் யார், கன்னான் யார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அஞ்ஞாதவாசி என்று பெயர் வைத்துக்கொண்டவர், அஞ்ஞாதமாகவே போய்விட்ட கைவினைஞர்களைத் தேடித்தான் வாழ்நாளெல்லாம் நடந்திருக்கிறார்.

1960 வாக்கில் அவரிடம் ஏறத்தாழ 15,000 பொருள்கள் சேர்ந்துவிட்டன. மனைவி கமலாபாய் துணை நின்றார். அந்த அம்மாளை நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. வீட்டில் ஒரு அலமாரி கூடுதலாக வந்தாலே நமக்குள் சண்டை வருகிறது. கோத்ரூடில் இருந்த மஸ்தானியின் மாளிகைப் பகுதிகளைக்கூடக் கொண்டுவந்து, ஒரு கூடமாகத் திரும்ப நிறுத்தினார் கேள்கர். பாஜிராவ் பேஷ்வாவின் மனைவியான அந்த மஸ்தானியின் மாளிகைதான்.

கேள்கர் என்ன விரதம் இருந்தார், எந்தக் கோயிலுக்குப் போனார் என்று சொல்ல நான் வரவில்லை. எத்தனையோ வீடுகளின் பூஜையறைகளில் எரிந்து அணைந்த விளக்குகளை வாங்கி, துடைத்து, வரிசையாக வைத்த கையில் பக்தி இருந்தது என்றே நம்புகிறேன்.

அருங்காட்சியகத்தின் பெயருக்கு வருகிறேன். கேள்கர் அரச குலத்தவர் அல்ல. ராஜா அவருடைய மகன். சின்ன வயதிலேயே இறந்துபோன பிள்ளை. மராத்தியர் பெயர் எழுதும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: முதலில் பிள்ளையின் பெயர், நடுவில் தகப்பன் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். அப்படியானால் பலகையில் இருப்பது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் கூப்பிடும் ஒரு சிறுவனின் முழுப்பெயர். தினகர் அதில் தகப்பனாக மட்டும் நடுவில் நிற்கிறார். இது எனக்குக் கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

1975இல் கேள்கர் அந்தச் சேகரத்தை மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தது. 1990இல் மறைந்தார். இன்று 20,000க்கு மேற்பட்ட பொருள்கள் அங்கே உண்டு, பார்வைக்கு இருப்பவை 2,500 அளவில்தான்.

தஞ்சாவூர்க்காரர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி நம் ஊரில் உட்கார்ந்து சரஸ்வதி மகாலுக்குச் சுவடியும் புத்தகமும் சேர்த்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். சரபோஜியிடம் அரண்மனை இருந்தது. கேள்கர் வீட்டிலேயே வைத்துக்கொண்டு சேர்த்தார். சுவடியை யாரும் மதிப்பார்கள். பாதம் தேய்க்கும் தேய்ப்பானை மதிக்கத் தனி மனசு வேண்டும்.

பக்கத்து அறையில் சங்கம் இன்று மேசை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியில் இருபத்துமூன்று கிலோ கணக்குக்குள் நீங்கள் கொண்டுவந்து, பிறகு பரணிலோ நிலவறையிலோ போட்ட பொருள்களை எடுத்து வரச் சொல்லியிருந்தோம். படி வந்திருக்கிறது, முறுக்கு உழக்கு வந்திருக்கிறது, ஒரு பல்லாங்குழி வந்திருக்கிறது. மூன்றாவது மேசையில் இருக்கும் அரிவாள்மனை என் அம்மாவுடையது. அதை மட்டும் பாத்திரக்காரிக்குப் போடாமல் வைத்திருந்தாள்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வெள்ளைச் சீட்டு இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் முன் எழுதிவிடுங்கள். யாருடையது, எந்த ஊர், அதில் என்ன செய்தார்கள். செய்தவர் பெயர் தெரிந்தால் அதை முதலில் எழுதுங்கள். பின்வரிசைப் பிள்ளைகளே, தமிழ் எழுத வராவிட்டால் தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதுங்கள், பேனா மேசையிலேயே இருக்கிறது.