தத்தையும் பட்டியும்: ஓர் அங்கன்வாடி டீச்சர் படித்த கதை

(நம் சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. தினமும் இருபது பேர் முன்னால் பேசுகிறவள்தான், ஆனால் அவர்களில் யாருக்கும் ஆறு வயது ஆகவில்லை. பாதிப் பேச்சில் ஒருத்தன் எழுந்து வந்து மடியில் உட்கார்ந்துகொள்வான். இங்கே யாரும் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்ற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன்.

எங்கள் அகம் நெய்யாற்றின்கரையில். வேலை பாலராமபுரத்தில், நெசவுத் தெருக்களை ஒட்டிய ஓர் அங்கன்வாடியில். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள், கசவு வேஷ்டியும் புடவையும் தொங்கும் கடைகளை. பாலராமவர்மா மகாராஜா காலத்தில், அதாவது 1798-க்கும் 1810-க்கும் நடுவில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து குடியமர்த்திய ஊர் அது. குழித்தறியில் காலை வைத்து உட்கார்ந்து நெய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், முன்போல அத்தனை பேர் இல்லை. பழைய குடும்பங்கள் சிலவற்றில் வீட்டுக்குள் இன்னும் தமிழ்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

1989-ல் பிரிடிகிரி முடித்தேன். கல்யாணம், இரண்டு குழந்தைகள், மாமியாருக்கு ஒத்தாசை என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. 2009-ல் அங்கன்வாடியில் சேர்ந்தேன். எட்டு வருஷம் வேலை பார்த்த பிறகு, 2017-ல், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், நாம் இக்னோ என்று சொல்கிறோமே அங்கே, குழந்தைப் பருவப் பராமரிப்பும் கல்வியும் என்ற டிப்ளமோவுக்குப் பணம் கட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்த மாமி ஒருத்தர் கேட்டார்: "ஏண்டி, நம்மாத்துப் பொண்ணு ஆயா வேலைக்குப் போறதே பெரிசு. அதுக்குப் பரீட்சை வேற எழுதணுமா? குழந்தைக்கு மூக்குத் துடைக்கப் புஸ்தகம் எதுக்கு?"

மாமி கேட்டதில் தப்பில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. இரண்டு பெற்று வளர்த்தவளுக்கு இனி என்ன சொல்லித்தரப்போகிறார்கள்?

காலை நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, காப்பி டிக்காஷன் இறங்குகிற நேரத்தில் பாடப்புத்தகத்தைத் திறப்பேன். எனக்கு வந்தவை எல்லாம் இங்கிலீஷ் புத்தகங்கள். ஒரு பக்கத்துக்கு இருபது தடவை டிக்ஷனரி. ஒன்பதரைக்கு அங்கன்வாடி திறக்க வேண்டும், மூன்றரைக்குக் குழந்தைகள் போவார்கள், அப்புறம் ரிஜிஸ்டர். எடை எழுத ஒன்று, அரிசி பருப்புக்கு ஒன்று, கர்ப்பிணிகளுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று. ஒரே வருஷத்தில் முடிக்கக்கூடிய படிப்பு எனக்கு மூன்று வருஷம் இழுத்தது. நடுவில் ஒரு ஜூன் பரீட்சை மாமியாரின் ஆஸ்பத்திரி வாசத்தில் போயிற்று. என் ஆத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்டடி சென்டர் போகும்போது தானே ரசம் வைக்கப் பழகிக்கொண்டார். அதில் புளி மட்டும் இன்றுவரை ஜாஸ்தி.

அந்தப் படிப்பில் புராஜெக்ட் உண்டு. அதற்காக ஒரு குழந்தையைத் தினமும் கொஞ்ச நேரம் கவனித்து நோட்டில் எழுதினேன். நான் தேர்ந்தெடுத்தது நாலு வயதுப் பெண் ஒருத்தியை. சேர்ந்து மூன்று மாசமாகியும் வாயே திறக்காதவள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். முதல் நாள் நோட்டில், 'பிடிவாதம். மந்தம். சோம்பல்' என்று எழுதி, பெருமையாக ஸ்டடி சென்டரில் காட்டினேன்.

அங்கிருந்த ஆசிரியை மூன்று வார்த்தைகளையும் பென்சிலால் அடித்தார். "இது நீங்கள் அவளைப் பற்றி நினைப்பது. அவள் என்ன செய்தாள்? அதை எழுதுங்கள்" என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. எட்டு வருஷ அனுபவக்காரி அல்லவா! ஆனாலும் மறுநாளிலிருந்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதினேன். 'ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கீழே கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்கினாள். நிறம் நிறமாகப் பிரித்தாள். பென்சிலில் ஒரே சீராகச் சுற்றினாள். உதடு அசைந்தது.' நாலாம் நாள் மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உதடு என்ன சொல்கிறது என்று கேட்டது: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பன்னிரண்டு வரை பிசகாமல் எண்ணினாள். அவள் பாட்டி வீட்டில் தார் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த குழந்தை. மந்தம் என்று நான் எழுதியவள் செய்துகொண்டிருந்தது வகைப்படுத்தலும் எண்ணும் விரல் பயிற்சியும். புத்தகத்தில் மூன்றுக்கும் தனித்தனி அத்தியாயமே இருக்கிறது.

அப்படியானால் ஏன் பேசவில்லை? பழைய நாட்களை நினைத்துப் பார்த்தேன், விடை கிடைத்தது, தூக்கம் போயிற்று. அவள் சேர்ந்த முதல் வாரம் நான் படஅட்டை காட்டினேன். கிளியைக் காட்டி, 'தத்த' என்றேன். நாயைக் காட்டி, 'பட்டி' என்றேன். மலையாளத்தில் அப்படித்தானே! அம்மா தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள், குழந்தை மூன்று வயது வரை அம்மாவின் பிறந்தகத்தில் வளர்ந்தவள். அதன் காதில் விழுந்தது தாத்தாவும் பாட்டியும். நாய்ப் படத்தைப் பார்த்து, "அது பாட்டி இல்ல, நாய்!" என்று கத்திற்று. எல்லாக் குழந்தைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அகத்துக்கு வந்து சொல்லி மறுபடியும் சிரித்தோம்.

அன்றைக்கு மூடிய வாய் அது.

நாம் எல்லோரும் கேரளத்தில் தமிழ் பேசிக்கொண்டு வளர்ந்தவர்கள்தானே? பள்ளிக்கூடத்தில் 'பட்டர்' என்று கேலி கேட்காதவர் இங்கே யாராவது உண்டா? இரண்டு பாஷையும் தெரிந்த நான் அந்தக் குழந்தையிடம் மூன்று மாசம் ஒரு வார்த்தை தமிழில் பேசவில்லை. வேலை என்றால் மலையாளம் என்று மனசில் பதிந்துவிட்டது. வீட்டு மொழியிலிருந்து ஆரம்பித்து மெல்லப் பள்ளி மொழிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பாடத்தில் படித்து, அடிக்கோடும் போட்டிருந்தேன். அடிக்கோடு போட்டால் போதுமா?

அடுத்த நாள் அவளிடம், "இது நாய். இங்க எல்லாரும் பட்டிம்பா. நாம ரெண்டும் சொல்லலாமா?" என்றேன். ஒரு வாரம் கழித்து என் காதில் மட்டும் சொன்னாள். ஒரு மாசத்தில் மற்றக் குழந்தைகள் அவளிடம் 'இதுக்குத் தமிழில் என்ன' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது ஸ்கூலில் பேசிப் பேசியே அடி வாங்காத குறை என்று அவள் அம்மா சொல்கிறாள்.

புத்தகங்களில் எனக்குப் பிடித்த மனிதர் கிஜுபாய் பதேக்கா. குஜராத்தில் வக்கீலாக இருந்தவர். தம் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று யோசிக்கப்போய், வக்கீல் தொழிலையே விட்டு, 1920-ல் பாவ்நகரில் பாலமந்திர் ஆரம்பித்தார். குழந்தைகள் அவரை 'மீசை வைத்த அம்மா' என்பார்களாம். அவருடன் வேலை செய்த தாராபாய் மோதக், அனுதாய் வாக் என்ற சிஷ்யையுடன் 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்று நடத்திக் காட்டினார். ஆங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயரின் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பது எட்டு வருஷம் அந்தப் போர்டின் கீழே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது. அரசாங்கத் திட்டமாக அது வந்தது 1975 அக்டோபர் 2-ம் தேதி.

கடைசிப் பேப்பரை 2019 டிசம்பரில் எழுதினேன். ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில், 2020 மார்ச்சில், கொரோனாவால் அங்கன்வாடியே மூடிவிட்டது! அரிசியும் அமிர்தம் பொடியும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். குழந்தைகளுக்கு விக்டர்ஸ் சானலில், 'கிளிக்கொஞ்சல்' வந்தது. டிவி இல்லாத வீட்டு வாசலில் நின்று நானே கிளியாகக் கொஞ்சினேன்.

இனி ஒரு விஷயம். சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். 2022 ஆகஸ்டில் எங்கள் மாநில அங்கன்வாடிகளில் வாரம் இரண்டு நாள் பாலும் முட்டையும் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2025-ல் வந்த புது மெனுவில் முட்டை பிரியாணியே சேர்ந்துவிட்டது. சமைப்பது ஹெல்பர். அவள் லீவு போட்ட ஒரு நாள் நான்தான் முட்டையை வேகவைத்தேன், ஓட்டை உரித்தேன், கையில் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. காலையில் வெறும் கட்டன் சாயா குடித்துவிட்டு வருகிற குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள், எனக்கு ஆசாரம் என்று தட்டை நகர்த்திவைக்க முடியுமா? அகத்துக்கு வந்து ஸ்நானம் பண்ணினேன், விளக்கேற்றினேன். சரியா தப்பா என்று பெரியவர்கள் சொல்லட்டும். மறுபடி ஹெல்பர் லீவு போட்டாலும் செய்வேன்.

பணம் என்ன கூடிற்று என்று கேட்பீர்கள். டிப்ளமோவுக்காக ஒரு ரூபாய் கூடவில்லை. எங்களுக்குச் சம்பளம் என்று பெயரே கிடையாது, ஹானரேரியம்தான். மத்திய அரசு நிர்ணயித்த தொகையை 2018 அக்டோபரில் மூவாயிரத்திலிருந்து 4,500 ஆக்கினார்கள், மேற்கொண்டு மாநிலம் சேர்த்துத் தருகிறது. எங்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2022 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னபோது, அங்கன்வாடி ஊழியர்கள் செய்வதும் வேலைதான் என்று ஒருத்தர் எழுத்தில் ஒப்புக்கொண்டாரே என்று அழுதேன். 2020-ன் புதிய கல்விக் கொள்கை, பிளஸ் டூ படித்த அங்கன்வாடி ஊழியர்களுக்கு ஆறு மாசப் பயிற்சி, அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஒரு வருஷ டிப்ளமோ என்கிறது. வேலையில் இருந்துகொண்டே படிப்பது எப்படி என்று இளைய டீச்சர்கள் இப்போது எனக்குப் போன் பண்ணுகிறார்கள். நாலு மணி அலாரம் பற்றிச் சொன்னதும் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

பெங்களூரிலும் மும்பையிலும் சென்னையிலும் இருக்கும் நம் பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு பேரும் ஐ.டி. வேலை, குழந்தை கிரெஷ்ஷில். ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களில் கிரெஷ் வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். சேர்க்கும்போது ஏசி உண்டா, காமிரா உண்டா என்று கேட்கிறீர்கள். குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்கிற அந்தப் பெண் என்ன படித்திருக்கிறாள், அவளுக்கு என்ன கொடுக்கிறார்கள், ஒருத்தி எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறாள் என்று கேட்டதுண்டா? உங்கள் குழந்தையைப் பற்றி அவள் நோட்டில், 'பிடிவாதம்' என்று எழுதியிருந்தால் அதை அடித்துத் திருத்த அங்கே யாராவது இருக்கிறார்களா?

முன்பு சொன்ன மாமி இப்போது தன் பேத்தி பேசத் தாமதமாகிறது என்று என்னிடம் யோசனை கேட்கிறார். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள், காதில் குறையில்லை. அப்பா ஹிந்தி, அம்மா தமிழ், ஆயா கன்னடம், டிவி இங்கிலீஷ். குழந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறது போலும். டாக்டரையும் விடாமல் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஹெல்பர் பத்தாவது முடிக்காதவள். நான் படித்ததைப் பார்த்து, சாட்சரதா மிஷனின் பத்தாம் வகுப்புத் துல்லியத் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். குழந்தைகள் மத்தியானம் தூங்கும்போது பாய் ஓரத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். பின்னம் மட்டும் தகராறு. நாளைக்கு அவளுக்குக் கால், அரை, முக்கால் சொல்லித்தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு இன்று கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.